நாய்க்கு இதய வால்வு கசிந்தால்: ஒரு பம்பு மெக்கானிக்கின் நோட்டிலிருந்து

அடிபம்பில் நாலு அடி அடித்தும் தண்ணீர் ஏறவில்லை என்றால் பழைய வண்ணாரப்பேட்டையில் யாரும் பதற மாட்டார்கள். ஒரு செம்புத் தண்ணீரை மேலே ஊற்றி, மூச்சுப் பிடித்து வேகமாக அடித்து ஏற்றிவிடுவார்கள். உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும். ஏறுகிற தண்ணீரில் பாதி கீழேயே இறங்கிவிடும். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, ராயபுரம் சந்துகளில் 35 ஆண்டுகள் அந்தத் தோல் வாஷரை மாற்றிப் பிழைத்தவன் நான். அதனால்தான் எங்கள் அப்புவுக்கு இதய வால்வு கசிகிறது என்று டாக்டரம்மா சொன்னதும் என் மனைவி அழுதாள், நான், "வாஷர் மாற்ற முடியாதா?" என்று கேட்டேன்.

அப்பு வெள்ளை நாய், 11 வயது, 9 கிலோ. பொமேரியன் என்று சொல்லி விற்றார்கள். உண்மையில் நம் ஊரில் பரவலாக இருக்கும் ஸ்பிட்ஸ் வகை. அவனுக்கு இந்த நோய் தெரியவந்து ஒரு வருடம் கடந்துவிட்டது. இப்போது எங்கள் தெருவில் யார் வீட்டு நாய் இருமினாலும் என்னிடம் வருகிறார்கள். ஆளுக்கு ஒருமுறை வாயால் சொல்வதைவிட எழுதி வைப்பது மேல் என்று உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை. மருந்தின் மில்லிகிராம் கணக்கை இதில் தேடாதீர்கள். பக்கத்து வீட்டு நாயின் சீட்டைப் பார்த்துத் தன் நாய்க்கு மாத்திரை உடைப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குத் துணை போக எனக்கு விருப்பமில்லை.

முதலில் எது கெட்டுப்போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நுரையீரலிலிருந்து வரும் நல்ல ரத்தம் இதயத்தின் இடப்பக்க மேலறையில் சேர்ந்து, ஒரு வால்வு வழியாகக் கீழறைக்கு இறங்கி, அங்கிருந்து உடம்பு முழுக்கத் தள்ளப்படுகிறது. நடுவில் இருக்கும் அந்த வால்வுக்கு மைட்ரல் வால்வு என்று பெயர். இரண்டு இதழ்கள், அவற்றை இழுத்துப் பிடிக்க நூல்போன்ற தசைநார்கள். வயதான சின்ன நாய்களுக்கு அந்த இதழ்கள் தடித்து, முடிச்சு முடிச்சாகி, விளிம்போடு விளிம்பு பொருந்தாமல் போகின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் பின்னால் திரும்புகிறது. மேலறை வீங்குகிறது. அழுத்தம் நுரையீரல் வரைக்கும் போய், அங்கே நீர் கசிகிறது. மொட்டைமாடித் தொட்டி வழிந்தால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூக்கிறதே, அதே கதைதான். நாய்களுக்கு வரும் இதய நோய்களில் பெரும்பங்கு இந்த வால்வுத் தேய்மானம்தான். டாபர்மேன், கிரேட் டேன் போன்ற பெரிய நாய்களுக்கு வால்வைவிட இதயத் தசையே மெலிந்து தொளதொளத்துப் போவது அதிகம். மனிதர்களைப்போல ரத்தக்குழாய் அடைத்து வரும் மாரடைப்பு நாய்களுக்கு மிக அரிது. ஆகவே "நாய்க்கு அட்டாக்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதில் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. ஐப்பசி மழையில் அப்பு ராத்திரி எழுந்து உட்கார்ந்து இருமினான். முள் மாட்டியவன்போல் கழுத்தை நீட்டி, இருமி முடித்துக் கொஞ்சம் நுரை கக்குவான். பக்கத்தில் ஒரு மருத்துவரிடம் கொண்டுபோனேன். மூன்று வாரம், இரண்டு பாட்டில் இருமல் மருந்து. அந்த மூன்று வாரத்தில் ஒருநாள்கூட அவன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கப்படவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. நீங்கள் கேளுங்கள். ஏழு எட்டு வயதைத் தாண்டிய சின்ன நாய் இருமினால், "நெஞ்சை வைத்துப் பாருங்கள், மர்மர் கேட்கிறதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கசியும் வால்வு ஒரு சத்தம் எழுப்பும். அதை ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரித்துச் சொல்வார்கள்.

இருமினாலே இதயம் என்று முடிவுகட்டவும் கூடாது. ஸ்பிட்ஸ், பொமேரியன் வகைகளுக்கு மூச்சுக்குழல் தளர்ந்துபோய் வாத்து கத்துவதுபோல் இருமல் வருவதும் உண்டு. சில நாய்களுக்கு இரண்டுமே இருக்கும். எங்கள் அப்புவும் அந்தக் கணக்கில் சேர்ந்தவன்தான். இருமலோடு வேறு என்னென்ன என்று பாருங்கள்: இரண்டு மாடி ஏறியவன் முதல் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிடுகிறானா, ராத்திரி படுக்காமல் இடம் மாறி மாறி நிற்கிறானா, சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்புகிறானா, வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருக்கிறதா, சந்தோஷத்தில் குதிக்கும்போது திடீரென்று விழுந்து சில நொடிகளில் எழுகிறானா. விழுந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒருவர் பக்கத்தில் இருக்க, இன்னொருவர் கைப்பேசியில் படம் பிடிக்கட்டும். வலிப்பா மயக்கமா என்று டாக்டர் பிரித்துப் பார்க்க அந்தப் படம் உதவும்.

கடைசியில் வேப்பேரிக்குப் போனோம். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. வடசென்னைக்காரர்களுக்கு நாய், பூனை, ஆடு, மாடு எதுவானாலும் கடைசி நீதிமன்றம் அதுதான். காலையிலேயே போங்கள். பழைய சீட்டுகள், ஏற்கெனவே எடுத்த எக்ஸ்ரே, இருமும்போது எடுத்த வீடியோ எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாய் மற்ற நாய்களைப் பார்த்துக் குரைத்து மூச்சிரைப்பவன் என்றால், ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் அவனோடு மரநிழலில் இருப்பது நல்லது.

எக்ஸ்ரேயில் டாக்டரம்மா செய்ததை நான் மறக்க மாட்டேன். இதயத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, அந்த அளவை முதுகெலும்பின் மேல் வைத்து, நெஞ்சுப் பகுதியின் நாலாவது முதுகெலும்புக் கணுவிலிருந்து எத்தனை கணு என்று எண்ணினார். அவனவன் உடம்புக்கு அவனவன் எலும்பே அளவுகோல். பெரும்பாலான நாய்களுக்கு 10.5 கணுவுக்குள் இருக்கவேண்டும். அப்புவுக்கு 12 வந்தது. பிறகு எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன். திரையில் ரத்தம் பின்னால் பீச்சுவதை வண்ணத்தில் காட்டினார். இறைத்த தண்ணீர் திரும்பாமல் அடியில் தடுக்கும் ஃபுட் வால்வு தேய்ந்த குழாயைக் கண்ணாடி வைத்துப் பார்த்ததுபோல் இருந்தது.

"வாஷர் மாற்ற முடியாதா?" என்று நான் கேட்டதற்கு அவர் சிரிக்கவில்லை. "ஜப்பானில் நாய்களுக்கு வால்வைத் தைத்துச் சரிசெய்கிறார்கள் ஐயா. டெல்லியில் 2024இல் நெஞ்சைத் திறக்காமலேயே ஒரு பீகிளின் வால்வில் கவ்வி மாட்டினார்கள். நமக்கு இப்போதைக்கு மாத்திரைதான்" என்றார். நோயை ஏ, பி, சி, டி என்று கட்டம் பிரிப்பார்கள். ஏ என்றால் வரக்கூடிய வகை நாய், இன்னும் வரவில்லை. பி என்றால் சத்தம் கேட்கிறது, ஆனால் நாய்க்குத் தொந்தரவு இல்லை. இதயம் வீங்காவிட்டால் பி1, வீங்கியிருந்தால் பி2. சி என்றால் நுரையீரலில் நீர் வந்துவிட்டது. டி என்றால் வழக்கமான மருந்துக்கு அடங்கவில்லை. பி1இல் மருந்து தேவையில்லை, கண்காணித்தால் போதும். பி2இல் பைமோபெண்டான் என்ற இதய மாத்திரையைத் தொடங்கினால் பலன் உண்டு: 360 நாய்களை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஆய்வில், நீர் கோக்கும் நிலை வருவதைச் சராசரியாக 15 மாதம் தள்ளிப்போட முடிந்தது. அப்பு வந்து சேர்ந்ததே சியில். அந்த இருமல் மருந்துப் பாட்டில்களை நான் இன்னும் தூக்கிப்போடவில்லை.

மூச்சை எண்ணுவது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். தூங்கும் நாயின் மூச்சை எண்ணத் தெரிந்தால், நுரையீரலில் நீர் ஏறுவதை இருமலுக்கு முன்பே, பசி குறைவதற்கு முன்பே பிடித்துவிடலாம்.

எங்கள் வீட்டில் இது இரவு 10 மணி வேலை. தையல் மிஷின் அடியில் துவைத்த கோணிச் சாக்கு, அதன்மேல் அப்பு. நான் சுவரில் சாய்ந்து உட்காருவேன். அவனைத் தொட மாட்டேன். தொட்டால் விழித்துக்கொண்டு வாலாட்டுவான், எல்லாம் போச்சு. வெள்ளை முடியில் விலா எழுவது சரியாகத் தெரியாது. அதனால் கடைசி விலாவுக்குப் பின்னால், தொடை தொடங்கும் இடத்துக்கு முன்னால் இருக்கும் குழியைப் பார்ப்பேன். குழி மேலே வந்து கீழே போனால் ஒன்று. கடிகாரத்தில் 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கினால் நிமிடக் கணக்கு. கால்கள் துடித்து, உதடு படபடத்துக் கனவு காண்கிறான் என்றால் அது முடியும்வரை காத்திருக்கவேண்டும். நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது எண்ணுவது வீண். அது வெயிலின் கணக்கு.

நல்ல நிலையில் 30க்குக் கீழேதான் இருக்கும். முதல் வாரம் தினமும் எண்ணி உங்கள் நாயின் வழக்கமான எண்ணைக் கண்டுபிடியுங்கள். அப்புவுக்கு 18 முதல் 22. பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் தேதி, எண், அன்று கொடுத்த மாத்திரை, சாப்பாடு, இருமல் எத்தனை தடவை என்று ஒரு வரி எழுதுகிறேன். 30ஐத் தாண்டினால் அரைமணி கழித்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் தாண்டினால் டாக்டரைக் கூப்பிடுங்கள். இருபதில் இருந்தவன் நாலே நாளில் 23, 25, 28 என்று படியேறினால் முப்பது ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றே சொல்லுங்கள்.

மாத்திரைகள்

அப்புவுக்கு நாலு மாத்திரை. பைமோபெண்டான் இதயத்தை ஓங்கி அடிக்க வைத்து, ரத்தக்குழாய்களையும் அகலப்படுத்துகிறது. சாப்பாட்டுக்கு ஒருமணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில், 12 மணி இடைவெளியில் இரண்டு வேளை. ஃபியூரோசமைடு நுரையீரலில் கசிந்த நீரைச் சிறுநீராக வெளியே தள்ளுகிறது. எனலாப்ரில் குழாய்களைத் தளர்த்துகிறது. ஸ்பைரோனோலாக்டோன் இவற்றுக்குத் துணை.

ஃபியூரோசமைடு கொடுத்தால் அடுத்த சில மணி நேரத்துக்கு மூத்திரம் கொட்டும். ராத்திரி படுக்கும்போது கொடுத்துவிட்டு, விடிந்ததும் சமையலறை ஈரத்துக்கு அவனைத் திட்டுவது நியாயமில்லை. மாலை வேளையைச் சீக்கிரம் கொடுத்து, படுக்கும்முன் ஒருமுறை கீழே தூக்கிக்கொண்டு போங்கள். தூக்கிக்கொண்டு என்பதைக் கவனியுங்கள். எங்கள் குடித்தனம் முதல் மாடி, அப்புவுக்கு இப்போது படிக்கட்டு கிடையாது. இன்னொன்று: "தண்ணீர் குடிப்பதால்தானே நீர் கோக்கிறது" என்று கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்காதீர்கள். எங்கள் மாடி வீட்டில் அப்படிச் செய்தார்கள். நாய் இரண்டு நாளில் சுருண்டுவிட்டது. கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கவேண்டும்.

நீரை இறைக்கும் மருந்து சிறுநீரகத்தையும் உலர்த்தும். அதனால் மருந்து தொடங்கியோ கூட்டியோ ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் எடுத்துக் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் பார்ப்பார்கள். அந்தப் பரிசோதனையைச் செலவு என்று தள்ளாதீர்கள். வாந்தி, பேதி வந்து சாப்பிடாமல் கிடந்தால், மாத்திரையைத் தொடர்வதா குறைப்பதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். தேறிவிட்டான் என்று நீங்களாக நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். தேறியிருப்பதே மாத்திரையால்தான்.

பாட்டியின் மாத்திரைப் பெட்டியில் இதே பெயர்கள் இருக்கும். பெயர் ஒன்று, அளவு வேறு. அதேபோல், கால் நொண்டுகிறான் என்று டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற நம் வலி மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். சாதாரண நாய்க்கே ஆபத்து. இதய மருந்து சாப்பிடும் நாயின் சிறுநீரகத்துக்கு இரட்டை ஆபத்து.

கருவாடு

காசிமேட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வாழ்ந்துகொண்டு நாய்க்கு உப்பில்லாமல் போடுவது என்பது தவம். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா அப்புவைக் குட்டியிலிருந்து அறிந்தவர். கூடையை இறக்கியதும் நெத்திலிக் கருவாடு ஒன்றை அவன் வாயில் போடுவது அவருக்கு வழக்கம். நான் மாத்திரைக்கு மேல் மாத்திரை கொடுத்து நீரை இறக்க, மூச்சு எண் மட்டும் 26, 27 என்று நின்றது. என் மனைவிதான் ஜன்னலிலிருந்து பார்த்துக் கண்டுபிடித்தாள். "அண்ணா, ஒரே ஒரு துண்டுதானே கொடுத்தேன்" என்றார் அக்கா. நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். அவருக்கு எண் புரிந்ததோ இல்லையோ, என் முகம் புரிந்தது. இப்போது ஐஸ் துண்டு ஒன்றைக் கொடுக்கிறார்; அதையும் மீன் பெட்டியில் தொடாத ஐஸாகப் பார்த்துத்தான்.

உப்பு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கருவாடு, அப்பளம், ஊறுகாய் தெரிந்தவை. பிஸ்கட், பன், பிரட், சீஸ், உப்புப் போட்டு வேகவைத்த கோழியின் தண்ணீர், மோர் ஊற்றிய பழைய சோறு இவை தெரியாதவை. வெயில் காலத்தில் "பாவம், வாடியிருக்கிறான்" என்று ஓஆர்எஸ் கரைத்துக் கொடுக்கிறார்கள். அதில் பாதி வேலையே உப்புடையது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். எனலாப்ரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்கவைப்பவை. டாக்டரைக் கேட்காமல் அதுவும் வேண்டாம்.

அதற்காக வெறும் சோறு போட்டு ஒடுக்கிவிடாதீர்கள். இந்த நோயில் சதை கரையும். முதுகெலும்பு கையில் தட்டுப்படும். கறி, முட்டை குறையக்கூடாது. அப்புவுக்கு உப்பில்லாமல் அவித்த கோழி, சோறு, பூசணிக்காய். வாரத்தில் இரண்டு நாள் புதிய மத்தியை அவித்து முள் ஆய்ந்து கொடுக்கிறோம். மீனெண்ணெய் சதை கரைவதைத் தடுக்க உதவும் என்றார் டாக்டரம்மா. பூண்டு ரசமும் வெங்காயக் குழம்பும் எந்த நாய்க்கும் ஆகாது. மாத்திரையை ஒளிக்க உப்பில்லாத மஞ்சள் கருவும் வாழைப்பழத் துண்டும் போதும். வெறும் வயிற்று மாத்திரையை மட்டும் நேராக நாக்கின் அடிப்பகுதியில் வைத்துத் தொண்டையைத் தடவுகிறேன். வாரம் ஒருமுறை பழைய பேப்பர் கடைக்காரர் தன் தராசில் அப்புவை நிறுத்துக் கொடுக்கிறார். திடீரென்று எடை கூடினால் சந்தோஷப்படாதீர்கள், நீராக இருக்கலாம்.

ராத்திரி இரண்டு மணிக்கு

மார்கழியில் ஒருநாள் அப்பு படுக்கவில்லை. முன்கால்களை அகட்டி, முழங்கைகள் வெளியே துருத்த, கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தான். எண்ணினேன்: 52. ஈறு ரோஜா நிறம் போய்ச் சாம்பலாக இருந்தது. இப்படி ஆனால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை, கிளம்பவேண்டியதுதான். முன்பே டாக்டரிடம் கேட்டு, அவசரத்துக்குக் கூடுதலாக எவ்வளவு ஃபியூரோசமைடு என்று எழுதி வாங்கி வைத்திருந்தால் அதைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். எங்களிடம் அந்தச் சீட்டு இருந்தது. உணவு, தண்ணீர் எதையும் வாயில் திணிக்காதீர்கள். ஆட்டோவில் மடியில் மல்லாத்திப் படுக்க வைக்காதீர்கள். அவன் உட்கார்ந்தபடி வர விடுங்கள். நெஞ்சை இறுக்கி அணைக்காதீர்கள், முகத்துக்குக் காற்று வரட்டும். குளிர் என்று துண்டு போர்த்தவும் வேண்டாம். அன்று ஊசியும் ஆக்சிஜனும் கொடுத்து, விடிவதற்குள் 34க்கு இறக்கிவிட்டார்கள்.

இரவில் திறந்திருக்கும், ஆக்சிஜன் வசதி உள்ள இடம் உங்கள் வீட்டிலிருந்து எது என்று பகலிலேயே நேரில் போய்ப் பார்த்து வையுங்கள். பலகையில் 24 மணி நேரம் என்று எழுதியிருப்பதை நம்பிப் போய் ஷட்டரைத் தட்டிய அனுபவம் எனக்கு உண்டு. தெரிந்த ஆட்டோக்காரரின் எண்ணையும் நோட்டின் அட்டையிலேயே எழுதுங்கள்.

வெயில், புகை

கத்திரி வெயிலில் காலை ஐந்தரைக்குள் ஒரு சின்ன நடை, அவ்வளவுதான். கழுத்துப் பட்டை வேண்டாம், இருமலைக் கிளப்பும். நெஞ்சுப் பட்டை வாங்குங்கள். அவன் உட்கார்ந்தால் நீங்களும் நில்லுங்கள். மதியம் கடல் காற்று வரும்வரை சிமெண்டுத் தரையில் ஈரத்துணி, பக்கத்தில் மேசை விசிறி. மின்சாரம் போனால் ஓலை விசிறி இருக்கிறது, நான் இருக்கிறேன்.

எண்ணூர், மணலிப் பக்கத்துப் புகை நம் கையில் இல்லை. போகிப் புகை நம் கையில் இருக்கிறது. நம் தெருவில் விடிகாலை நாலு மணிக்கே டயர் எரிகிறது. சென்ற போகிக்கு முந்தின நாளே பையன்களைக் கூப்பிட்டு, என் வீட்டு வாசலில் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு வீடு தள்ளிக் கொளுத்தினார்கள். ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி அடைத்து, உள் அறையில் அப்புவோடு உட்கார்ந்திருந்தோம். பொங்கல் நாட்களில் கடைகள் மூடும், பைமோபெண்டான் எல்லாக் கடையிலும் கிடைக்கிற மருந்தும் இல்லை. மார்கழி முடிவதற்குள் பத்து நாளைக்குக் கூடுதலாக வாங்கி, அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில், எலிக்கு எட்டாமல் வையுங்கள்.